நம் வீட்டு மதிலும் உன் வீட்டு மதிலும்

மகன்,

நீ வீட்டை விட்டுப் போய் இன்றோடு ஒன்பது நாள். முதல் நாள் உன் உம்மா அழுதாள். இரண்டாம் நாள் உன் அறையைக் கழுவினாள். மூன்றாம் நாள் உன் மோட்டார் சைக்கிள் நின்ற இடத்தில் கோழிக்கூட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். வேறு ஊர்களில் கல்யாணம் முடிந்தால் பெண் பிறந்த வீட்டை விட்டுப் போவாள். நம் கல்முனைக் கரையில் ஆண்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போகிறான். இருபத்தேழு வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் இந்த வீட்டுக்கு வந்தேன். இப்போது நீ சாய்ந்தமருதுக்குப் போயிருக்கிறாய். சைக்கிளில் வந்தால் கால் மணி நேரம். அதற்குள் உன் உம்மா உனக்கு மூன்று முறை சோற்றுப் பார்சல் அனுப்பிவிட்டாள், நீ ஏதோ கப்பலில் ஏறிப் போய்விட்டது போல.

சந்தோஷமாக இருக்கிறேன், மகன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. ஆனாலும் உன்னிடம் சொல்லாத ஒன்று என்னிடம் மிச்சம் இருக்கிறது. உனக்கு எட்டு வயதாக இருந்தபோது உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். பதினெட்டு வருடங்களாக நீ அதை நம்பிக்கொண்டிருக்கிறாய். கல்யாணத்தன்று வாகனத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நீ முந்திக்கொண்டு, "வாப்பா, தொப்பி சரியா இரிக்கா?" என்று கேட்டாய். சரி என்றேன். கோணலாகத்தான் இருந்தது. இதை மடித்து உன் கையில் தராமல் ஊரே படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்தப் பொய்யை உனக்கு மட்டும் சொல்லவில்லை. மேடை போட்டு ஊருக்கே சொன்னேன்.

என் வேலை உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய். சைரனும் காக்கிச் சட்டையும்தான் உனக்குத் தெரியும். பெரிய நகரத்தில் தீயணைப்புக்குத் தொலைபேசி வந்தால், என்ன எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்பார்களாக்கும். நாங்களும் கேட்போம். ஆனால் அதற்கு முன்பே கேட்பது, "எந்த ஒழுங்கை?" எங்கள் நிலையத்துச் சுவரில் ஊரின் சந்துகளையெல்லாம் கையால் வரைந்த ஒரு வரைபடம் தொங்குகிறது. பச்சைக் கோடு போட்ட ஒழுங்கைக்குள் வண்டி போகும். மஞ்சள் என்றால் வாயில் நிறுத்திவிட்டுக் குழாயை இழுக்க வேண்டும். சிவப்பு என்றால் குழாயும் எட்டாது, இறங்கி ஓட வேண்டும். கடலை நோக்கிப் போகப் போக வரைபடம் சிவந்துகொண்டே போகும். ஒரு தெருவில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எந்த வீட்டு மாமரக் கிளை வண்டியின் கண்ணாடியைத் தட்டும் என்று தெரியும்.

வண்டி புறப்பட்டால் சாரதியோடு ஐந்து பேர். சாரதி பம்பில் நிற்பார், இருவர் குழாயின் தலையைப் பிடிப்பார்கள், நான் உள்ளே போய்ப் பார்த்து எங்கே அடிப்பது என்று சொல்ல வேண்டும். ஐந்தாவது ஆளுக்குத்தான் மிகக் கஷ்டமான வேலை, சனங்களைத் தள்ளிப் பிடிப்பது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லியிருப்பார்கள். பாதி ஊர் வாளியோடு நிற்கும், மீதி ஊர் கையடக்கத் தொலைபேசியோடு நிற்கும். மின்சாரம் பிடித்து எரிகிற சுவரில் வாளித் தண்ணீரை ஊற்ற ஒருவர் கட்டாயம் இருப்பார். "இந்தா கிடக்கு கடல், அள்ளி அடிங்களன்!" என்று கத்த இன்னொருவர் இருப்பார். கடல் தண்ணீரை இழுத்தால் மணல் பம்புக்குள் போய் அடைக்கும், உப்பு இரும்பைத் தின்னும், அடுத்த அழைப்புக்கு வண்டி இராது. நெருப்பின் நடுவில் நின்று இதை விளக்க முடியுமா? "ஓம் காக்கா, அள்ளுவம்" என்று அந்த அண்ணனுக்குச் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்போம். பெருநாள் பின்னேரங்களில் கடலில் இழுபடுகிற இளைஞர்களும், மாரி வெள்ளத்தில் கட்டிலோடு தூக்கிவர வேண்டிய நோயாளிகளும் எங்கள் கணக்குத்தான். அங்கே கடலும் வெள்ளமும் எதிரி. ஒழுங்கைக்குள் எதிரி நாங்களே கட்டிய மதில்.

இந்த மதில்கள் எங்கிருந்து வந்தன? நம் கல்யாணங்களிலிருந்து வந்தன. ஒருவருக்கு நான்கு பெண் பிள்ளைகள் என்றால் நான்கு வீடு வேண்டும். வளவு ஒன்றுதான். நான்காகப் பிரிப்பார், ஒவ்வொரு துண்டிலும் ஒரு வீட்டை நெருக்கிக் கட்டுவார். மாப்பிள்ளை வீட்டார் வந்து ஹோல் காணாது, குசினி காணாது, எல்லாம் சின்னது என்பார்கள். காணாததை எங்கே எடுப்பது? பக்கத்துத் துண்டு மற்ற மகளுக்கு. ஆகவே ஒழுங்கையைக் கடிப்பார். சுனாமிக்குப் பிறகு கரையோரத்துச் சனமும் உள்ளே வந்து நெருங்கிய பின் அது இன்னும் மோசமாகியது. வீடு பெண்ணின் பெயரில் இருப்பது நல்லது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாலைவன வெயிலில் ஒரு மனிதனை இருபது வருடம் காயப்போட்டு எடுத்த வீட்டுக்குள் கால் வைத்து, ஹோல் காணாது என்று சொல்ல நமக்கு எங்கிருந்து வாய் வருகிறது? நானும் வாங்கினேன். நீயும் வாங்கினாய். அதை மார்க்கம் என்று மட்டும் சொல்லாதே. மார்க்கம் உன்னைத்தான் பெண்ணுக்கு மஹர் கொடுக்கச் சொல்லியிருக்கிறது.

உன் வீடு பார்க்கப் போன நாள் நினைவிருக்கிறதா? என் உடன்பிறந்த ராத்தாமார் உள்ளே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், குழாயைத் திறந்து பார்த்தார்கள். நான் வெளியே ஒழுங்கையில் குந்தி நாடாவால் அளந்துகொண்டிருந்தேன். உன் மாமனார் பதறிப்போய்ப் பின்னால் வந்தார். கட்டாரில் லொறி ஓட்டிக் கட்டிய வீடு, முன்மதிலில் பூ வைத்த இரும்புக் கிரில். அது அவருடைய கண்மணி.

"என்ன காக்கா, வளவு காணாதா?" என்றார்.

"காணும் ஹாஜியார். கூடிப் போச்சு."

"என்ன கூடிப் போச்சு?"

"மதில். வளைவில ரெண்டடி உள்ளுக்கு எடுக்கணும்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பெண் வீட்டைச் சிறிதாக்கச் சொன்ன மாப்பிள்ளையின் வாப்பாவை அந்த மனிதர் வாழ்நாளில் கண்டிருக்க மாட்டார். இன்னும் ஏதோ பெரிதாகக் கேட்கப்போகிறேன், அதற்கு இது முன்னோட்டம் என்று நினைத்திருக்கிறார். "காக்கா, மனசில உள்ளத்த நேரா சொல்லுங்க. மேல் மாடியா?" என்று கேட்டார். நான் தீயணைப்பு வண்டியின் அகலத்தைச் சொன்னேன். அவர் முகம் இறுகிவிட்டது. "என்ட ஊட்டுக்கு நெருப்புப் புடிக்கும் எண்டு பாத்துட்டுப் போக வந்தீங்களா?" என்றார்.

இரண்டு நாளில் கதை ஊரெல்லாம் போயிற்று. மாப்பிள்ளையின் வாப்பாவுக்கு வீடு பிடிக்கவில்லையாம், மதிலைச் சாட்டிக் கல்யாணத்தைக் குழப்பப் பார்க்கிறாராம். பெண் வீட்டில் சமைக்கவில்லையாம். நீ வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே என் முன்னால் நின்றாய். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உனக்கு மறந்திருக்கும்.

"வாப்பா, உங்கிட நெருப்பு எஞ்சினுக்காக என்ட கல்யாணத்தக் குழப்பாதீங்க. அது என்ன வேலை செய்யிற எஞ்சினா? நான் சின்னதா இரிக்கக்குள்ள நஸீமா மாமிட ஊடு பத்தின நேரமும் அது உடைஞ்சுதானே நிண்டது? வர ஏலாத எஞ்சினுக்கு என்னத்துக்கு வழி?"

உன் உம்மா குசினிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். நான் வாய் மூடி நின்றதை நீ அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருப்பாய். பேசாமல் இருந்தது உன் கதை சரி என்பதால் இல்லை, மகன். அந்தக் கதையை உனக்குச் சொல்லித் தந்தவன் நான் என்பதால்.

அன்று எஞ்சின் உடையவில்லை.

நோன்பு பிறை இருபதுக்கு மேல். பகல் பதினொரு மணி இருக்கும். நம் ஒழுங்கையில் நமக்கு நாலு வீடு தள்ளி உள்ளே நஸீமா ராத்தா தைத்துக்கொண்டிருந்தார். தெருவில் பாதிப் பிள்ளைகளின் பெருநாள் உடுப்பு அவர் அறையில் தொங்கியது. உன் நீலச் சட்டையும் அதில் ஒன்று, கை மட்டும் வைக்காமல் இருந்தது. மின் இணைப்பில் பொறி பறந்து துணியில் விழுந்திருக்கிறது. அழைப்பு வந்தது, எந்த ஒழுங்கை என்று கேட்டேன், நம் ஒழுங்கை. ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டோம். வண்டியை ஓட்டியவர் காரைதீவு யோகன் அண்ணன். முழு வேகத்தில் வந்து திரும்பியவர் வளைவில் நிறுத்திவிட்டார். முன்னால் நம் வீட்டு மதில்.

அந்த மதில் ஏன் அங்கே இருந்தது தெரியுமா? என் கல்யாணத்தின்போது ஹோல் காணாது என்று என் ராத்தாமார் சொன்னார்கள். நான் மாப்பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருந்தேன். உன் உம்மாவின் வாப்பா ஹோலை இரண்டடி முன்னுக்கு இழுத்தார், மதிலை இரண்டடி ஒழுங்கைக்குள் தள்ளினார். அந்த ஹோலில்தான் நீ கரம் போர்ட் விளையாடினாய்.

யோகன் அண்ணன் தலையை வெளியே நீட்டிக் கேட்டார். "தம்பி, உங்கட மதில்தான். ஒரு சொல்லுச் சொல்லுங்க, இடிச்சிக்கொண்டு போறன். பம்பருக்கு ஒண்டும் ஆகாது."

எத்தனையோ வீடுகளின் கதவை உடைத்திருக்கிறேன், ஓட்டைப் பிரித்திருக்கிறேன். ஒருமுறைகூட யோசித்ததில்லை. அன்று யோசித்தேன். மாமனார் கட்டிக் கொடுத்த மதில், இடித்தால் வீட்டுக்காரர் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன். "வேணாம், குழாயை இழுங்க" என்றேன். இழுத்தோம். நீளம் காணவில்லை, இன்னொரு குழாயைக் கொண்டுவந்து பொருத்தினோம். ஓர் அறையில் இருந்த நெருப்பு அதற்குள் கூரைக்கு ஏறிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், ஆட்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். வீடும் இரண்டு தையல் இயந்திரமும் தெருப் பிள்ளைகளின் பெருநாளும் போயிற்று. நஸீமா ராத்தா நம் மதிலில் சாய்ந்து நின்றுகொண்டு, நோன்பு வாயோடு என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "இடிச்சிரிக்கலாமே தம்பி."

நீ அந்த மதிலுக்கு மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். இறங்கி வந்து, "எஞ்சின் ஏன் வாப்பா உள்ளுக்கு வரல்ல?" என்று கேட்டாய். "உடைஞ்சு போச்சு மகன்" என்றேன். அந்த ஒரு சொல் எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. அடுத்த கூட்டத்திலேயே எழுந்து நின்று, ஓட்டை வண்டியைத் தந்து எங்களை ஏமாற்றுகிறார்கள் என்று கத்தினேன். கைதட்டினார்கள். பிறகும் பல மேடைகளில் கத்தினேன். வண்டி பழையது என்பது உண்மைதான், நான் கேட்டவற்றில் பாதி நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் இரண்டடி மதில் கிடந்தது. ஒரு மாதம் கழித்து, வடிகான் கட்டப்போகிறேன் என்று உன்னிடம் சொல்லி அதை நானே இடித்து உள்ளே எடுத்தேன். அதுவும் பொய்தான். அங்கே இன்றுவரை வடிகான் இல்லை.

நீ சண்டை பிடித்துப் போன மறுநாள் காலையிலேயே சாய்ந்தமருதுக்குப் போனேன். ஹாஜியார் கதிரையைக் காட்டினார், தேநீர் கேட்கவில்லை. இப்போது உனக்கு எழுதியதை எல்லாம் அவரிடம் சொன்னேன். அறை வாசலில் உனக்குப் பேசி வைத்திருந்த ஷிபானா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்தபோது அவர் எழுந்து போய்க் கிரிலைத் தடவினார்.

"பூவெல்லாம் பாத்துப் பாத்து வெச்சன் காக்கா," என்றார். குரல் தணிந்திருந்தது.

ஷிபானா உள்ளிருந்தே சொன்னாள், "வாப்பா, அந்தக் கிரில்ல எனக்கு ஒரு நாளும் விருப்பமில்ல. ஐஸ்கிரீம் கடை மாதிரி."

"நீ ஒரு நாளும் சொல்லல்லயே!"

"நீங்க ஒரு நாளும் கேக்கல்லயே."

ஹாஜியார் சிரித்த சிரிப்பில் எனக்குத் தேநீர் வந்தது. பிறகு அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். "மாமா, நாங்க மட்டும் எடுத்தா எஞ்சின் போகுமா? எதிர்வீட்டுப் படிக்கட்டும் வெளியதானே கிடக்கு?" நான் அளக்க மறந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அப்போதே என் மனம் நிறைந்துவிட்டது, மகன். புறப்படும்போது வாசல் வரை வந்து மெதுவாகச் சொன்னாள், "உங்கிட மகனுக்கு நான் சொல்ல மாட்டன். நீங்கதான் சொல்லணும்." இவ்வளவு நாளும் அவள் சொல்லவில்லை என்பது உன் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

மதில் இறங்கியதை நீ பார்த்தாய். நீயும்தான் அலவாங்குக் கம்பி பிடித்தாய், ஏன் என்று முழுதாகத் தெரியாமலே. நான் எதிர்பார்க்காதது உன் மாமனாரைத்தான். தன் கண்மணியை இழந்த மனிதர் மற்றவர்களைச் சும்மா விடுவாரா? என் நாடாவைப் பிடுங்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினார். "என்ட மதில் போயிட்டு. உங்கிட படிக்கட்டு என்ன, மக்கத்துக் கல்லா?" என்று எதிர்வீட்டுக்காரரைக் கேட்டாராம். அவர் தன் படிக்கட்டை எடுத்தார். எடுத்துவிட்டு, கோபத்தில் தனக்கு அடுத்த வீட்டுக்காரரின் தண்ணீர்த் தாங்கியைக் காட்டிக் கொடுத்தார். ஒரு கிழமையில் அந்த ஒழுங்கை அகலமாகிவிட்டது. அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி எழுதி நான் சாதிக்காததை, எனக்கு மட்டும் ஏன் நட்டம் என்ற ஒரு மனிதரின் ஆத்திரம் சாதித்தது. நம் சனத்தை இனிமேல் எப்படி அணுகுவது என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, மாதாந்தப் பரீட்சை ஓட்டத்துக்கு வண்டியை அந்த ஒழுங்கைக்கே கேட்டு வாங்கினேன். மாப்பிள்ளையை அதில் ஏற்றி வரச் சொல்லி எத்தனை பேர் கெஞ்சினார்கள்! ஊரின் வண்டி கல்யாண வண்டி அல்ல என்று கத்திவிட்டேன். யோகன் அண்ணன் ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான். அவர்தான் ஓட்டினார். நீ முன்னால் பின்பக்கமாக நடந்தபடி கையைக் காட்டினாய். வளைவில் வண்டி மெல்லத் திரும்பியது. மதிலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு சாண். யோகன் அண்ணன் தலையை வெளியே நீட்டினார். "தம்பி, இண்டைக்குக் கேக்கத் தேவல்ல, என்ன?" என்றார். எனக்கு மட்டும்தான் அது விளங்கியது. நான் வண்டிக்குப் பின்பக்கம் போய் மூக்கைச் சிந்தினேன். நீ சளி என்று நினைத்தாய். ஒழுங்கையின் கடைசி வீடு வரை வண்டி போனது, பிள்ளைகள் பின்னால் ஓட, ஹாஜியார் எல்லோருக்கும் முன்னால் ஓட. அன்று மாலையே நிலையத்துச் சுவரில் அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் பச்சையை அடித்தேன்.

நீ கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டை பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் வாங்கலாம் என்றாய். நஸீமா ராத்தா விடவில்லை, வீட்டுக்கு வந்து உன்னை நிற்க வைத்து அளவெடுத்தார். கை அளவு எடுக்கும்போது அவர் சிரித்தார். "எல்லாருக்கும் தெச்சிட்டன். உனக்கு மட்டும்தான் கை வெக்காமக் கிடந்தது" என்றார். என்ன கதை மாமி என்று கேட்டாய். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "உன்ட வாப்பாட்டக் கேளு" என்றார். நீ கேட்கவில்லை. பதினெட்டு வருடங்களாக நம் வீட்டுக்குப் பெருநாள் பலகாரம் அனுப்புகிற மனிதர், ஒரு நாளும் உன்னிடம் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவரிடம் போ. தெரியும் என்று சொல். வேறொன்றும் சொல்லத் தேவையில்லை.

எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் இனி முதலில் என் வாசலைப் பார்ப்பேன். பிறகு கத்துவேன். கத்தாமல் இருக்க என்னால் ஏலாது. நீயும் கத்து, வாங்கிய வீட்டை விடப் பெரிதாக ஏதாவது திருப்பிக் கொடு, நாளை உனக்குப் பெண் பிள்ளை பிறந்தால் மாப்பிள்ளை வீட்டாரிடம் வளவின் எல்லையை நேராகக் காட்டு.

கடைசியாக ஒன்று. நேற்றுக் காலை நிலையத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. வழக்கம்போல எந்த ஒழுங்கை என்று கேட்டேன். உன் ஒழுங்கையைச் சொல்லி, "மாமா, வளைவில ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கால நிக்கிது. யார்ட எண்டு மட்டும் கேக்காதீங்க" என்று ஒரு பெண் குரல் சொன்னது. நான் கேட்கவில்லை. சைக்கிளை உள்ளே எடு, மகன்.

உன் வாப்பா